துயர்மானி மசோதா

காற்றாலைகள் நின்று மூன்றாம் நாள். தெருவில் எல்லா வீட்டிலும் துயர்மானியின் முள் துள்ளிக்கொண்டிருந்தது. வடமலையப்பன் வீட்டில் மட்டும் அது பூஜ்யத்தில் கிடந்தது.

கூடத்துச் சுவரில் பதித்த சின்னக் கருவி அது. வீட்டுக்குள் ஒலிக்கும் குரலில் உள்ள பதற்றத்தை அளக்கும். தட்டுப்பாட்டு நேரத்தில் எந்த வீடு அதிகம் தவிக்கிறதோ அதற்கே முதலில் மின்சாரம். பூட்டிய வீட்டுக்கும் சமபங்கு கொடுத்த பழைய எரிசக்திக் கொள்கையை இப்படித் திருத்தச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் வடமலையப்பனேதான். கொண்டுவந்தவரின் தெருவில் ஒரு வாரம் சோதித்த பிறகே வாக்கெடுப்பு. அது இன்று காலை பதினொரு மணிக்கு.

உள்ளறையில் மனைவி சண்பகவடிவின் மூச்சுக் கருவி பேட்டரியில் ஓடியது.

"இன்னும் பத்து நிமிஷந்தான் தாங்கும் போலிருக்கு," என்றாள் அவள், குழம்பில் உப்புக் குறைவு என்பதுபோல.

நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்தியதில்லை. வடமலையப்பனின் அப்பா இறந்து பாடை தூக்கியபோதுகூட அழுகைச் சத்தம் வாசலைத் தாண்டவில்லை. வடமலையப்பன் கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தார். கடைசியில் கருவியின் முன் நிமிர்ந்து நின்றார்.

"எங்களுக்கு மின்சாரம் தேவைப்படுகிறது."

முள் அசையவில்லை. எதிர்வீட்டில் யாரோ நாடகம் பார்க்க முடியவில்லையென்று ஒப்பாரி வைத்தார்கள். உடனே அங்கே மின்விசிறி சுழன்றது.

மீன்குழம்புக் கிண்ணத்தோடு வந்த பக்கத்து வீட்டு எஸ்தர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி! மயினிக்கு உதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்கு. நீங்க என்ன, மேடையில பேசுத மாதிரி பேசிக்கிட்டு நிக்கிய?" வயிற்றில் அடித்துக்கொண்டாள். "ஏ யம்மா! மயினி போயிருவா போலுக்கே! யாராவது கரண்டக் குடுங்களேன்!"

முள் எகிறியது. விளக்கு எரிந்தது. மூச்சுக் கருவி சீராக இரைந்தது.

அவர் வீட்டிலிருந்தே அவையில் கலந்துகொள்ளக் கூடத்தில் வைத்திருந்த சட்டமன்றத் திரையும் விழித்துக்கொண்டது. சபாநாயகர் கேட்டார்: "சோதனையில் உறுப்பினர் வீட்டில் ஏதேனும் குறை நேர்ந்ததா?"

மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது. கதவோரம் நின்ற எஸ்தர், சொல்லுங்க, சொல்லுங்க என்று கை காட்டினாள். வடமலையப்பன் தோள்துண்டைச் சரிசெய்தார்.

"எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை."

மசோதா ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

"நல்லாருக்கு அண்ணாச்சி," என்றாள் எஸ்தர். "நாளைக்கு நான் தூத்துக்குடிக்கு மவ வீட்டுக்குப் போறேன். வர ஒரு மாசம் ஆவும். யாரு வந்து கத்துவா?"

மறுநாள் உச்சிவேளையில் மின்சாரம் போனது. பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது. வடமலையப்பன் துயர்மானியின் முன் போய் நின்று வாயைத் திறந்தார். திறந்த வாயோடு தெருப்பக்கம் பார்த்தார். போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஐயோ," என்றார்.

முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

உள்ளறையிலிருந்து, அக்கம்பக்கத்துக்குக் கேட்காத குரலில், சண்பகவடிவு சொன்னாள்:

"இன்னுங் கொஞ்சம் சத்தமா."