வேண்டாத பாதி

நாற்காலி நாலு விரற்கடை நகர்ந்திருந்தது.

விறகுக் கட்டைகளை அடுப்பின் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு சைமி குனிந்து பார்த்தாள். காலையில் அந்த நாற்காலியின் நான்கு கால்களைச் சுற்றியும் பலகைத் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தாள். இப்போது நான்கு கால்களும் டேப்பை விட்டு விலகி, மேசையிலிருந்து பின்னால் போயிருந்தன. யாரோ உட்காருவதற்காக இழுத்துப் போட்டது போலிருந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு அவள் வெளியே போனது பத்தே நிமிடம். விறகுக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே உறைபனி பூத்த புல்லில் அவளுடைய காலடிகள் மட்டும் போகவும் வரவும் பதிந்திருந்தன. ஆனால் வீட்டின் மறுபுறம் ஏரிப் பக்கமாக ஒரு பாதை உண்டு, அதை அவள் பார்க்கவில்லை. இரும்பு அடுப்பு சூடேறி டிக் டிக்கென்று முனகியது. பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை, பழைய சோப்பும் ஈரக் கம்பளியும் ஆறிப்போன சாம்பலும் கலந்த வாசனை, விறகுப் புகைக்கு அடியில் விடாமல் இருந்துகொண்டே இருந்தது. சைமி நாற்காலியைத் தூக்கி டேப்புக்குள் சரியாக வைத்தாள்.

அவள் எடுக்கும் படத்தில் எதுவும் நகரக் கூடாது. படத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், இரண்டு சகோதரிகள். இரண்டு பேராகவும் நடிப்பவள் அவளே. கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கும். முதலில் இடது நாற்காலியில் தங்கையாக உட்கார்ந்து, எதிரே காலி நாற்காலியைப் பார்த்துப் பேச வேண்டும். அக்கா பதில் சொல்ல வேண்டிய இடங்களில் மௌனமாக இருக்க வேண்டும். பிறகு பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வலது நாற்காலியில் அக்காவாக உட்கார்ந்து அந்த மௌனங்களை நிரப்ப வேண்டும். கடைசியில் ஒன்றிலிருந்து இடது பாதியும் இன்னொன்றிலிருந்து வலது பாதியும் எடுத்து நடுவில் ஒட்டினால் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருப்பார்கள். காலி நாற்காலி இருக்கும் வேண்டாத பாதிகளை யாரும் பார்க்கப் போவதில்லை.

துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளாததற்கு ஒரே காரணம் வெட்கம். நாலு வருடத்துக்கு முன் அம்மாவின் வெள்ளிப் பதக்கம் காணாமல் போனபோது, எடுத்தது நீதான் என்று அக்கா ஐலாவின் முகத்துக்கு நேரே சொன்னவள் சைமி. ஐலா மறுத்தாள், அழுதாள், பிறகு பேசுவதை நிறுத்தினாள். போன மார்ச்சில் இறந்தும் போனாள். ஏப்ரலில் சைமியின் குளிர்கோட்டுப் பையின் ஓட்டை வழியே உள்துணிக்குள் நழுவிக் கிடந்த பதக்கம் அவள் விரலில் தட்டுப்பட்டது.

படத்தில் தங்கை மன்னிப்புக் கேட்கிறாள். அக்கா, "போகட்டும், விடு" என்கிறாள். அந்த ஒரு வரியைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் சைமி இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

அடுத்த பண்ணைக்காரர் யால்மரி நின்றிருந்தார். இந்த வீடு சைமியோடு கடையில் வேலை செய்யும் பெண்ணுடையது. ஆளில்லாதபோது பார்த்துக்கொள்பவர் யால்மரி. கையில் துணி போர்த்திய பாத்திரம், அதிலிருந்து சுட்ட மாவும் வெண்ணெயும் மணத்தன.

"அரிசிக் கஞ்சி வச்சு மடிச்ச ரொட்டி. என் வீட்டுக்காரி ஹில்யா இப்பத்தான் சுட்டா. மேல தடவ முட்டையும் வெண்ணெயும் மசிச்சது தனியா இருக்கு, ஆறுறதுக்குள்ள சாப்பிடணும்னு சொல்லி விட்டிருக்கா. சாப்பிடலைன்னா திட்டு எனக்குத்தான் விழும்." அவர் எட்டிப் பார்த்தார். "எங்கேம்மா மத்த ஆளுங்க?"

"நான் மட்டும்தான்."

"நடிக்கிறதும் நீ, படம் புடிக்கிறதும் நீயா? அப்ப சண்டை வந்தா யாரு யாரை வெளிய அனுப்புவீங்க?"

அவரே சிரித்துக்கொண்டார். சைமி சிரிக்கவில்லை. ஏரிப் பக்கத்துப் பாதை அவருடைய பண்ணையிலிருந்துதான் வருகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"இன்னிக்குப் புனிதர் நாள், செத்தவங்களுக்கு விளக்கேத்துற நாள் இல்லியா," என்றார் யால்மரி. "நாலரைக்கு நாங்க கல்லறைத் தோட்டத்துக்குப் போறோம். தூரத்துல புதைச்சவங்களுக்குன்னு அங்க ஒரு கல்லு இருக்கு. மார்ச்சுல அக்கா தவறிட்டாங்கன்னு நேத்துச் சொன்னியே, அவங்களுக்கும் சேர்த்து ஹில்யா ஒரு மெழுகுவர்த்தி வாங்கி வச்சிருக்கா. கார்ல இடம் இருக்கு. வாம்மா."

கடவுள் உதவியை அனுப்பும்போது அது பெரும்பாலும் துணி போர்த்திய பாத்திரத்தோடு வந்து வாசலில் நிற்கிறது. நாம்தான் அதன் செருப்பில் சேறு இருக்கிறதா என்று பார்க்கிறோம். சைமி அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். ஓரங்களில் ஏரிக்கரை மணல் ஒட்டியிருந்தது.

"உங்ககிட்ட இந்த வீட்டுச் சாவி இருக்கில்ல?"

"இருக்கு. ஏன்?"

"கொஞ்ச நேரம் முன்னாடி உள்ள வந்தீங்களா?"

"நானா? இல்லியே."

"நாற்காலி நகர்ந்திருக்கு. நான் விறகு எடுக்கப் போனப்ப யாரோ வந்திருக்காங்க. என்னைத் தவிர சாவி வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

யால்மரியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவர் கோட்டுக்குள் கைவிட்டு, வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, பாத்திரத்தின் துணிமேல் வைத்து நீட்டினார்.

"நீயே வச்சுக்கம்மா. இனிமே உனக்கு அந்த யோசனை வேண்டாம்."

படியிறங்கிப் போனவர் பாதியில் திரும்பினார். கோபம் இல்லை. "நாலரைக்கு வர்றோம். மனசு மாறினா கோட்டுப் போட்டுத் தயாரா இரு."

அவர் மறைந்ததும் சைமி வாசல் துடைப்பத்தை எடுத்துக் கதவின் வெளிப்புறம் சாய்த்து வைத்தாள். அந்த வட்டாரத்தில் அதைப் பார்த்தால் வீட்டில் ஆளில்லை என்று எல்லாருக்கும் தெரியும். தட்டாமல் திரும்பிப் போவார்கள். உள்ளே வந்து பூட்டினாள். பழைய பூட்டு, உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். இரண்டு சாவிகளையும் மேசைமேல் வைத்தாள்.

திரும்பியபோது நாற்காலி மறுபடியும் டேப்பை விட்டு விலகியிருந்தது.

யால்மரி வாசற்படி தாண்டவே இல்லை. இதை அவள் தனக்குள் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. எப்போது நகர்ந்தது என்று கேமராவே சொல்லும். காலையில் தங்கையாக ஆறு முறை எடுத்திருந்தாள். ஆறிலும் வலது பாதியில் அந்த நாற்காலி இருக்கும். விறகு எடுக்கப் போனபோது ஆள் வந்திருந்தால், அதற்கு முன் எடுத்த ஆறிலும் அது அசையாமல் இருக்க வேண்டும். அதைக் காட்டினால் கிழவர் என்ன சொல்வார் பார்ப்போம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். தன்னைப் பார்க்காமல், யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டிருந்த பாதியை மட்டும் பார்த்தாள்.

முதல் மூன்றில் ஒன்றுமில்லை. ஜன்னல் வெளிச்சம் நாற்காலியின் முதுகில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நான்காவதில் அது நகர்ந்தது.

இடது பாதியில் சைமி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். "நான் உன்னை நம்பியிருக்கணும் ஐலா" என்கிறாள். வலது பாதியில், யாரும் தொடாமல், அவசரமே இல்லாமல், நாற்காலி பின்னால் வருகிறது. நிற்கிறது. பிறகு ஒரு விரற்கடை முன்னால் போகிறது. உட்கார்ந்தவர்கள் மேசையோடு நெருங்கிக்கொள்வது போல.

அப்போது அவள் அந்த அறையில்தான் இருந்தாள். இரண்டடி தூரத்தில். எதையும் பார்த்த நினைவில்லை.

ஐந்தாவதில் நாற்காலி பழைய இடத்தில் இருந்தது.

ஆறாவதில் மறுபடி விலகியிருந்தது. தங்கை கேட்கிறாள்: "என்னை மன்னிச்சிடுறியா?" அக்கா பதில் சொல்ல அவள் விட்டிருந்த மௌனம் தொடங்கியது. அடுப்பின் முனகல். மைக்கின் மெல்லிய இரைச்சல். அதற்குள், மைக்குக்கு மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"இல்ல."

சைமி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

அது அவள் எழுதிய வசனம் இல்லை. அந்தக் குரலையும் அவளால் நடித்துக் காட்ட முடியாது. நாலு வருடமாக அவள் கேட்காத குரல் அது.

மணி நாலைத் தாண்டியிருந்தது. ஏரி சாம்பலாகிக் கரை தெரியாமல் போனது. யால்மரியின் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்ற அந்தச் சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. அதே முகத்தை ஐலாவிடமும் பார்த்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது. சாவியால் கதவைத் திறந்து துடைப்பத்தை உள்ளே எடுத்து வந்தாள். அடுப்போரம் சாத்தினாள். பூட்டாவிட்டால் காற்றில் திறந்துகொள்ளும் கதவைக் குளிருக்காக மறுபடி பூட்டி, சாவியை மேசைமேல் மற்றதோடு வைத்தாள். காபி வைத்தாள். மேசையில் இரண்டு கோப்பைகள், அவருக்கும் ஹில்யாவுக்கும். அவர்கள் வந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு அவர்களோடு போய் ஐலாவுக்கு விளக்கேற்றி, அங்கேயும் கேட்க வேண்டும், பதிலைத் தானே எழுதிக்கொள்ளாமல். கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். நாற்காலிகளின் பக்கம் முதுகைக் காட்டினாள். மெதுவாகப் பரலோக ஜெபம் சொன்னாள்.

சொன்னபடி நாலரைக்குக் கார் விளக்குகள் மரங்களுக்கிடையே வந்தன.

சைமி சாவியை எடுக்கத் திரும்பினாள்.

மேசைமேல் கோப்பைகள் இருந்தன. சாவிகள் இல்லை. இரண்டும் இல்லை.

அடுப்போரம் துடைப்பமும் இல்லை.

படியில் பூட்ஸ் சத்தம். கதவருகே நின்றது. தட்டவில்லை.

"ஹில்யா," யால்மரியின் குரல் மரக்கதவு வழியே கேட்டது. "துடைப்பம் சாத்தியிருக்கு. ஆளில்ல."

"விளக்கு எரியுதேங்க."

"அணைக்க மறந்திருப்பா. பாவம், நான் மத்தியானம் கூப்பிட்ட தோரணையே சரியில்லையோ என்னவோ."

"யால்மரி!" சைமி கத்தினாள். கதவை உலுக்கினாள். ஜன்னலுக்கு ஓடினாள். குளிருக்காக இரட்டைக் கண்ணாடி போட்டு ஓரமெல்லாம் காகிதப் பட்டை ஒட்டிய ஜன்னல். இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்தாள்.

அவர் வந்தார். ஜன்னலுக்கு நேரே. கையைப் புருவத்தில் வைத்து உள்ளே பார்த்தார். அவருடைய மூச்சு வெளிக் கண்ணாடியில் பூத்தது. அவளுடைய முகத்துக்கும் அவருடைய முகத்துக்கும் நடுவில் ஒரு சாண். அவருடைய கண்கள் அவளைத் தாண்டி, மேசைக்கும், கோப்பைகளுக்கும், நாற்காலிகளுக்கும் போய்த் திரும்பின.

"காலியா இருக்கு," என்றார்.

"இதை இங்கயே ஏத்தி வச்சிட்டு வாங்க," என்றாள் ஹில்யா. "வந்து பார்த்தா சந்தோஷப்படுவா."

யால்மரி குனிந்தார். தீக்குச்சி உரசியது. கல்லறைக்கு வாங்கிய மெழுகுவர்த்தியைப் படியில் நிறுத்தி, காற்றுக்குக் கையால் மறைத்து, சுடர் நிமிரும்வரை காத்திருந்தார். அவசரப்படவே இல்லை. பிறகு தொப்பியைக் கழற்றினார். ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார்.

கார் போய்விட்டது.

அறையில் அடுப்பு முனகியது. பிறகு அதுவும் நின்றது. அவளுக்குப் பின்னால், பலகைத் தரையில், மரம் மெல்ல இழுபடும் சத்தம்.

அவள் திரும்பவில்லை. கண்ணை மட்டும் கேமராவின் பக்கம் ஓட்டினாள்.

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் போடவில்லை.

சின்னத் திரையில் முழு அறையும் தெரிந்தது. ஜன்னல். கண்ணாடிக்கு வெளியே சின்னச் சுடர். அவள் நின்றிருந்த ஜன்னல் முன்னால் யாரும் இல்லை. வலது பாதியில் பச்சை ஸ்வெட்டர், பொத்தான்கள் எல்லாம் போட்டு, மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கைகளுக்கு முன்னால் இரண்டு சாவிகள்.

இடது பாதியில், டேப்பை விட்டு, இன்னொரு நாற்காலி மெல்லப் பின்னால் வந்தது.

ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வந்து, நின்றது.