ஆடாத தண்ணீர்

தொட்டியின் அடி தெரிந்தது.

தண்ணிக்காரிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் அம்மா பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்காமல் ஓடும் ரயில் அது. தலையில் இன்ஜின், அதை ஒட்டி உலைகள், அப்புறம் பட்டறை, பயிர்ப் பெட்டிகள், கோழிப் பெட்டி, பள்ளிக்கூடம், ஜனங்கள் குடியிருக்கும் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில், வால் மாதிரி, இவளுடைய தண்ணீர்ப் பெட்டி. முன்னால் குளித்தது, துவைத்தது, கழுவியது எல்லாம் குழாய் வழியாக இங்கே வந்து சேரும். அதைத் தொட்டிகளில் தெளியவிட்டு, மணலில் வடித்து, மறுபடி முன்னால் ஏற்றி அனுப்புவது இவள் வேலை. ஒரு சொட்டு வெளியே போகாது. ஆனால் ஓடுகிற வண்டியில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருப்பதால் சேறு ஒருநாளும் முழுசாக அடங்கியதில்லை. இன்று அடங்கியிருந்தது. குனிந்தால் தன் முகமே தெரிந்தது. நம் மூக்கு இவ்வளவு பெரிசா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

"புது மணல் போட்டது வீண் போகலை" என்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டாள்.

வெளியே பகல்தான். ஆனால் வண்டி புழுதிக்காட்டுக்குள் நுழைந்தால் ஜன்னல்களின் இரும்புத் தகடுகளை இறக்கிவிட வேண்டும் என்பது சட்டம். அடைத்த பெட்டிக்குள் ஈர மணல் வாடையும் துரு வாடையும் கலந்து அடித்தன. தரைக்குக் கீழே சக்கரம் எப்போதும்போலத் தடக் தடக் என்றது. மகள் தொட்டிக்குப் பின்னால் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளைப் பார்க்கும் மெக்கானிக். காலையில்தான் முன்னால் போயிருந்தார்.

"நம்ம பெட்டிக் கொக்கி ரொம்பத் தேஞ்சிருக்கு. பட்டறையில ஆள் கூட்டிட்டு வரேன். கதவை வெளியில பூட்டிக்கிறேன், சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

"சாப்பாட்டு நேரத்துக்காவது வந்து சேருங்க."

"வராம? ரயிலை விட்டு எங்க ஓடிப்போவேன்?"

அதை நினைத்து உதட்டோரம் புன்னகையோடு, உலையிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயில் கைவைத்தாள். சில்லென்றிருந்தது. உலைக்காரப் பயல்கள் தூங்கிவிட்டார்கள் போல. திட்டிக்கொண்டே நிமிர்ந்தபோது விளக்கு கண்ணில் பட்டது. மஞ்சளாக எரிந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் சக்கர அச்சில்தான் டைனமோ. சக்கரம் சுற்றினால் வெள்ளை வெளிச்சம். மஞ்சள் என்றால் பேட்டரி.

சக்கரம் சுற்றவில்லை என்று அர்த்தம்.

ஆனால் சத்தம் கேட்கிறதே. நின்று உற்றுக் கேட்டாள். தடக் தடக். தடக் தடக். வளைவில் வரும் கிறீச் இல்லை, இழுப்பு இல்லை, ஒரே சீராக, விடாமல்.

"இந்நேரம் பாலம் வந்திருக்கணுமே" என்று முணுமுணுத்தாள்.

உடனே சத்தம் மாறியது. கீழே வெறும் பள்ளம் இருப்பதுபோல, கடகடவென்று முழங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பாலம்தான். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குத்தான் தேவையில்லாத பயம்.

தொட்டியைப் பார்த்தாள். அவள் முகம் அதில் அப்படியே இருந்தது. கலையவே இல்லை.

"பாலத்துல தண்ணி ஆடுமே..."

வாய் தவறி வந்துவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் தண்ணீரில் ஒரு சுருக்கம் ஓடியது. பெட்டி அசைந்தது. ஓடும் வண்டியின் குலுக்கல் இல்லை அது. இந்தப் பக்கம் மெல்ல. அந்தப் பக்கம் மெல்ல. தொட்டிலை ஆட்டுவதுபோல. இரண்டு பக்கத்து ஜன்னல் தகடுகளிலும் உள்ளங்கைகள் பதிந்து தேய்க்கும் சத்தம். நிறையக் கைகள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கொக்கி அறுந்து பெட்டி தனியாக நிற்கிறது. கீழே ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறது. இவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் செய்கிறது.

எங்கோ வெகு தூரத்தில் இன்ஜின் ஊதியது. நூல்போல மெலிந்து, தேய்ந்து, இல்லாமல் போனது. அவர் அதில் இருந்தார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது. மகள் எழுந்திருக்கக்கூடாது. அவ்வளவுதான். அவர் ஆள் கூட்டிக்கொண்டு வரும்வரை பிள்ளையை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டால் போதும்.

கதவு தட்டப்பட்டது.

"ரயிலை விட்டு எங்க ஓடிப்போவேன்?"

அவர் குரல்தான். அவர் சொன்ன வார்த்தைதான். அதில் இருந்த சிரிப்பு மட்டும் இல்லை.

மறுபடி தட்டல். அதே வார்த்தை. அதே குரல். காலையிலேயே அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பெஞ்சு கிறீச்சிட்டது. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

தண்ணிக்காரி ஓடினாள். ஈரத்தரை வழுக்கியது. முழங்கால் தொட்டியில் இடித்தது. கையை நீட்டினாள். பிள்ளையின் வாய்க்கு இன்னும் ஒரு சாண்.

"அப்பாகிட்டதான் சாவி இருக்கே அம்மா. அப்புறம் ஏன் தட்டுறாரு?"

தட்டல் நின்றது.

ஆட்டம் நின்றது. தடக் தடக் நின்றது. மகள் பிறந்ததிலிருந்து கேட்டே இராத அமைதி. அவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்குவதுபோல ஒரு சத்தம்.

பிறகு பூட்டின் துவாரம் வழியாக ஒன்று உள்ளே வந்தது. மெலிசாக. வெள்ளையாக. நுனி வளைந்திருந்தது. இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தது.

நகம்.

அது கொஞ்சம் பின்வாங்கி, பூட்டுக்குள் பதிந்து, சாவியைப்போல மெல்லத் திரும்பியது.