நிரம்பும் ஓசை

அரபு-தமிழ் அகராதிப் பதிப்பாசிரியரான அவரை, சொற்களை வெட்டித் தள்ளுவதால், வீட்டாரும் அச்சகத்தாரும் ‘கத்தரி’ என்றே அழைத்தனர். அப்பெயரை அவர் விருதாகவே கொண்டார். எச்சொல்லையும் வேர்பிரித்து, வேரெழுத்துகளை வாய்விட்டு உரைத்து, தம் செவிக்கு ஒப்பினாலன்றி நூலில் ஏற்றமாட்டார்.

அன்று மாலை, அச்சத்தைக் குறிக்கும் அரபுச் சொற்களை மகள் தட்டச்சிட்டுக் கொணர்ந்தாள். வருவதை எண்ணி அஞ்சுவது கவ்ஃப்; திடுக்கிடுவது ஃபஸஅ; நெஞ்சு நடுங்குவது வஜல்; ஆளையே நிரப்பிவிடுவது ருஅப். அனைத்தையும் அடித்துவிட்டுப் ‘பயம்’ என்று எழுதினார்.

“என்னப்பா இது? நாலும் ஒண்ணா?”

“கோழைங்களுக்கு நாலு தினுசு எதுக்கும்மா? ஒண்ணே அதிகம்.”

“கடைசியையாவது விட்டுவைங்கப்பா. தொட்டி நிறையிற மாதிரி உள்ள ஏறுமாம்.”

“ஏறட்டுமே! மூடியை நானே திறந்து விடுறேன்.”

“உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? அச்சகத்துக்காரர் வந்துட்டிருக்கார். யோசிச்சு வைங்க.” அவள் அடுத்த அறைக்குச் சென்றாள்.

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆயினும் வழக்கத்தைக் கைவிட மனமின்றி, ‘ருஅப்’பின் வேரெழுத்துகளை உரைத்தார். “ரா… ஐன்… பா.” தொண்டையின் அடியிலிருந்து எழவேண்டிய நடுவெழுத்தைக் கேலியாக, கொப்பளிப்பவர்போல் வாயை அகலத் திறந்து நீட்டினார்.

குளியலறையில் நீர் விழும் ஓசை கேட்டது.

குழாயை மூடத் தெரியாதவள் அகராதிக்கு நியாயம் பேச வந்துவிட்டாள் என்று இகழ்ந்தவாறே எழுந்து, ஈரமணமும் சுண்ணாம்பு மணமும் கலந்த இருண்ட நடையைக் கடந்து சென்று பார்த்தார். குழாய் இறுக மூடியிருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது. அதனடியில் ஒரு சிலந்தி உலவிற்று. ஓசையோ நிற்கவில்லை. குடம் நிறைய நிறைய உயர்வதுபோல் மெல்லக் கூர்மையடைந்து, அவர் திரும்பி நடந்தபோது அவருடனேயே நடந்து வந்தது.

கிழட்டுச் செவி. வேறென்ன?

செவிகளைப் பொத்தினார். ஓசை பெருகிற்று.

நாற்காலியில் அமர்ந்து தாள்மீது குனிந்தார். உதட்டிலிருந்து ஒரு துளி சொட்டியது. கறுத்த துளி, நெடுங்காலம் மூடிக்கிடந்த நீரின் நாற்றம். ‘பயம்’ கரைந்து ஓடிற்று.

சட்டென்று நிமிர்ந்தார். உள்ளே குளிர் ஏறிற்று. வயிறு. விலா. கழுத்து.

நீர் மட்டுமன்று. நீரில் எதுவோ இருந்தது. மூடியைத் தேடித் தடவிற்று.

“அப்பா, கூப்பிட்டீங்களா?” மகள் வாசலில் நின்றாள். “ஏன் இப்படி அண்ணாந்து உக்காந்திருக்கீங்க? இன்னும் கோபமா?”

போய்விடு என்று கண்களால் இறைஞ்சினார். அவள் அருகில் வந்தாள். அவர் முகத்தின்மேல் தன் முகத்தைத் தாழ்த்தினாள்.

“வாயத் திறந்து சொல்லுங்கப்பா.”

நாக்கின்மேல் குளிர்ந்த விரல்கள் ஒவ்வொன்றாக ஊன்றின. பற்களை உள்ளிருந்து நெம்பின.

வாயைத் திறப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார்.