கயிற்றின் மறுமுனை

கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

முந்தின நாள் சாயங்காலம் கேப்டன் அதைப் படகின் மேல்தளத்தில் குவியலாகப் போட்டுவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பியிருந்தார். காலையில் வந்து பார்த்தால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் மயிரிழை வித்தியாசமில்லாமல், முறுக்கு ஒன்றுகூட விழாமல், பாய்மரத்துக் கொக்கியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனபோது ஒரு வாடை அடித்தது. ஈரத்துணியை உள்ளே வைத்து மறந்துபோன தகரப் பெட்டியை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால் வருமே, அந்த வாடை.

"யாருடா உன்னை இதைத் தொடச் சொன்னது?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

"நான் தொடலையே அத்தான்," என்றான் மச்சினன்.

பொய் சொல்கிறான் என்று தீர்மானிக்க கேப்டனுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. மனைவியின் தம்பி, எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைக்காதவன், வழியில் போகிறவனை எல்லாம் 'அண்ணே' என்று கூப்பிட்டு, அவன் பெயரைக்கூடக் கேட்காமல் சொந்தமாக்கிக்கொள்கிறவன். 'கேப்டன்' என்ற பெயரும் இவன் வைத்ததுதான். கேலியாகத்தான் வைத்தான். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கிவிட்டார்.

கேப்டன் வேலை பார்த்ததெல்லாம் தணிக்கைத் துறையில். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதற்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதையே இலவசமாகச் செய்துகொண்டிருந்தார். வேலை ஏவும்போது எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது. ஆபீஸில் பியூன் மாறிப்போனதே வெகுநாள் கழித்து யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

படகு பழையது. கீழே இரண்டு படுக்கையும் ஒரு அடுப்பும் உள்ள கேபின், நடுவில் உயர்ந்த அலுமினியப் பாய்மரம். முன்பு வைத்திருந்தவன் தன் மூக்குக்கண்ணாடியையும் செருப்பையும் கேபினிலேயே விட்டுப் போயிருந்தான். தரகர் போன் போட்டுக் கேட்டதற்கு, வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றானாம். கேப்டன் அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். "செருப்பு மாட்டிக்கக் கூடத் துப்பில்லாதவன்கிட்ட இருந்திருக்கு பாருங்க இந்தப் படகு."

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தப் படகில் மொத்தக் குடும்பத்தையும் கடலுக்குக் கூட்டிப் போவதாக அறிவித்திருந்தார். மனைவி, மகள், மருமகன், கூடவே சம்பந்தியும். சம்பந்திக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது என்பதைப் போன இடத்திலெல்லாம் சொல்லிச் சிரித்தவர் அவர். இனி அந்த மனிதருக்கு முன்னால் நின்று, பயணம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் நாள் திருகாணிகள். ஜன்னல் சட்டத்தை அவர் அவசர அவசரமாக முடுக்கிவிட்டுப் போயிருந்தார். காலையில் எல்லாத் திருகாணிகளின் பிளவுகளும் ஒரே திசையைப் பார்த்து நின்றன. அன்றைக்கு மச்சினனுக்கு அரைமணி நேரம் அர்ச்சனை நடந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுவிட்டு, "டீ வாங்கிட்டு வரட்டா அத்தான்?" என்றான். சாயங்காலம் கேப்டன் கேபினைப் பூட்டி, சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே, படுக்கைக்கு மேலே சாமான் வலையைக் கட்டியிருந்த முடிச்சு மாறியிருந்தது. மச்சினனை எதிரே உட்காரவைத்து, இதுதாண்டா முடிச்சு, கண்ணைத் திறந்து பாரு என்று அவர் போட்டுக் காட்டிய முடிச்சு அது. அதை யாரோ அவிழ்த்து வேறு மாதிரி போட்டிருந்தார்கள். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அவர் போட்டது இழுத்தால் வழுகும். அது அவருக்கும் தெரியும், சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வந்தது பயமல்ல, அவமானம். தன் வேலையை ஒருவர் தணிக்கை செய்கிறார். காது மடல் சூடேறியது. அதற்குப் பிறகுதான், பூட்டிய கேபினுக்குள் தான் மட்டும் நிற்பது அவருக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் மச்சினன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மேல்தளத்தில் மண்டியிட்டு வார்னிஷுக்காக மரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் படகின் வயிற்றில் தட்டித் தட்டி விலகும் சத்தம், எங்கோ ஒரு ஜெனரேட்டரின் உறுமல், தன் கையடியில் சரக் சரக் என்று தாள் தேயும் சத்தம் என எல்லாம் கலந்து கண்ணைச் சொக்கவைக்கிற மாதிரி ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம், கேபினுக்குள்ளிருந்து, அதே இடத்தை அதே தாளத்தில் இன்னொரு தாள் தேய்த்துக்கொண்டிருந்ததை அவர் வெகுநேரம் கவனிக்கவில்லை. கையை நிறுத்தினார். உள்ளே இன்னும் ஒருமுறை சரக் என்று தேய்ந்துவிட்டு, பிறகு நின்றது.

அப்படியே எழுந்து படகுத்துறைக்குப் போய், மச்சினன் வரும்வரை வெயிலில் நின்றார். அவன் கேட்டதற்கு, "காலு மரத்துப்போச்சு," என்றார். இத்தனை வருஷமாகப் பயம் என்ற சொல்லை அடுத்தவர்களுக்கு மட்டுமே பயன்படுத்தியவருக்கு, அதைத் தனக்கென்று எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. மனைவி, "என்னங்க, சரியாவே சாப்பிடலையே," என்றபோது, குழம்பில் உப்பு இல்லை என்று அவள் மேல் எரிந்து விழுந்தார்.

சனிக்கிழமை வந்தது. பாய்மர உச்சி விளக்கு எரியவில்லை. அது எரியாமல் கடலுக்கு விட மாட்டார்கள்.

மேலே ஏறுவதற்கு ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு இருக்கை உண்டு. அதில் கட்டிய கயிறு மரத்தின் உச்சிக்குப் போய், சக்கரத்தில் ஏறி, மரத்துக்குள்ளேயே இறங்கி, பின்புறம் இருக்கும் வின்ச் என்கிற கயிறு சுற்றும் உருளைக்கு வரும். ஒருவர் வின்ச்சைச் சுற்றினால் மற்றவர் மேலே போவார். சுற்றியவர் கையை விட்டால் மேலே இருப்பவர் கதை முடிந்தது. அதனால் இரண்டாவதாக ஒரு கயிற்றையும் கட்டிக்கொள்வது முறை. அது கோழைகளுக்கு என்று கேப்டன் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்.

வானம் சாம்பல் பூத்து, தூறலா பனியா என்று தெரியாத ஒரு ஈரம் இறங்கிக்கொண்டிருந்த சாயங்காலம். பின்புறம் வின்ச் இருக்கும் இடத்துக்கு மேலே கித்தான் கூரை இழுத்துக் கட்டியிருந்தது. கேப்டன் மரத்தைப் பார்த்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு புது பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் மச்சினன் ஏதோ சொன்னான். இவன் வாய் என்றைக்கு ஓய்ந்தது? படகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"ம், இழு."

டிக். டிக். டிக். வின்ச்சின் பற்சக்கரம் சுழன்றது. கயிறு விறைத்தது. கால்கள் தளத்தை விட்டு எழும்பின.

போன தடவை ஏற்றியபோது மச்சினன் மூட்டை தூக்குவது போல வெட்டி வெட்டி இழுத்தான். இன்று வெட்டே இல்லை. வழவழவென்று ஏறினார். திட்டியதற்குப் பலன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "இப்பதாண்டா மனுஷன் மாதிரி இழுக்கறே," என்று மரத்தைப் பார்த்தபடியே சொல்லவும் செய்தார். அவர் வாயிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. உச்சி வந்ததும் 'நிறுத்து' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நின்றிருந்தது.

பல்பை மாற்றினார். எரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகச் சுற்றிலும் பார்த்தார்.

படகுத்துறையின் கடைசியில், டீக்கடைப் பக்கமிருந்து, மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டு கையிலும் காகிதக் கப். சிந்தாமல் இருக்கக் குனிந்து குனிந்து நடந்தது. அந்த நடை அவருக்குத் தெரியும்.

மச்சினன்.

கேப்டன் கீழே பார்த்தார். கித்தான் கூரைதான் தெரிந்தது. அதன் விளிம்பில் ஈரம் சொட்டியது. கயிறு விறைப்பாகவே இருந்தது. அதன் மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

படகு ஒருமுறைதான் சாய்ந்தது. ஒருவன் இறங்கினான். யாரும் ஏறவில்லை.

வாடை மேலே வந்தது. தகரப் பெட்டி வாடை.

"டேய்," என்று கத்தினார். தூரத்தில் மஞ்சள் கோட்டு நிமிர்ந்து பார்த்து, கப்பைத் தூக்கிக் காட்டியது. அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு கேட்காது.

கீழே நிற்கிற எவரையும் வாழ்நாளில் கேப்டன் அழைக்காத விதத்தில் அழைத்தார்.

"ஐயா... இறக்க வேண்டாங்க. நான் சொல்ற வரைக்கும் அப்படியே வச்சிருங்க."

கயிறு மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

ஒரு அடி. இரண்டடி. வெட்டே இல்லாமல். அத்தனை பக்குவமாக.

கேப்டன் மரத்தைக் கட்டிக்கொண்டார். கையாலும் காலாலும். தொப்பி கழன்று போனது. அவர் நின்றார், கயிறு நிற்கவில்லை. இருக்கை அடியில் தொய்ந்தது. கயிறு பெரிய வளையமாகத் தொங்கி, நீண்டு நீண்டு, தளத்தைத் தொட்டது. இப்போது அவரைத் தாங்குவது அவர் கை மட்டும்தான். அலுமினியம் ஈரமாக இருந்தது.

படகு சாய்ந்து நிமிர்ந்தது. மச்சினன் ஏறியிருந்தான். மஞ்சள் கோட்டு கூரைக்கு அடியில் போய் மறைந்தது. பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அட, அண்ணே, நீங்க பிடிச்சிருக்கீங்களா? நல்லதாப் போச்சு." கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. "வர்ற வரைக்கும் ஏறாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். எங்க கேக்கறார். இந்தாங்க, சூடா குடிங்க. அத்தானுக்கு வாங்கினதுதான். அவர் இறங்கி வர்றதுக்குள்ள ஆறிடும்."

"டேய்," என்றார் கேப்டன். சத்தம் பாதிதான் வந்தது. "டேய், யாருன்னு பாருடா. நல்லா முகத்தைப் பாரு."

மச்சினன் கூரைக்கு வெளியே வந்து, தூறலில் கண்ணைச் சுருக்கி அண்ணாந்தான். கையில் ஒரே கப் இருந்தது.

"என்ன அத்தான் இது, மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு? பயப்படாம கையை விடச் சொல்றார் அண்ணன். அவர் பிடிச்சுக்குவாராம்."

அவன் முதுகுக்குப் பின்னால், கூரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. குழந்தையை வாங்கிக்கொள்ள நீட்டுவது போல. வலது ஓரத்திலிருந்து இன்னொன்று வந்தது. நடுவே கூரையின் முழு அகலமும் இருந்தது. எந்த மனிதனின் இரண்டு கைகளும் அவ்வளவு தூரம் எட்டாது.

மச்சினன் டீயை ஊதிக் குடித்தான்.

கேப்டனின் இடது பிடி ஒரு விரற்கடை வழுகியது. கீழே அந்த இரண்டு உள்ளங்கைகளும் அதற்கேற்றபடி கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்து நின்றன.