முதல் பெஞ்சுக்காரி

"யாரைக் கேட்டு எங்க பெஞ்சை அறுத்தீங்க?"

பேராலயத்தின் கரிபிடித்த சுவர்களில் மோதித் திரும்பியது அவள் குரல். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான் தச்சு மேஸ்திரி. தீ பிடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பாதிக் கூரை போய்விட்டது. பீடத்துக்கு மேலிருந்த கல் வளைவு மட்டும் விரிசலோடு நின்றது. அதைத் தாங்கிய முட்டுக்கும் கல்லுக்கும் நடுவில்... அவளுடைய தாத்தாவின் பெயர் பொறித்த தேக்குப் பலகை. தலைகீழாக.

"ஓ... முதல் பெஞ்சுக்காரியா? பின்னந்தலை நல்லாத் தெரியும். முகத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று தலைமுறையாக முதல் பெஞ்ச் அந்தக் குடும்பத்துக்கு. அதில் உட்கார்ந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்திலும் பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பீடத்தின் முன் நிற்பவர்கள் பீடத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் தவறும் இல்லை. ஆனால் இருபது வருடமாகக் கடைசித் தூணோரம் நின்றவனை அவள் பார்த்ததே இல்லை.

"வேற மரமே கிடைக்கலையா?"

"எல்லாம் கரி. உங்க பெஞ்ச்தான் உருப்படியா இருந்துச்சு. மழைக்கு முன்னாடி முட்டுக் குடுக்கலேன்னா வளைவு இறங்கியிருக்கும்."

"அதுக்காகப் பேரைத் தலைகீழாவா வைப்பீங்க?"

"பாரம் தாங்குற பக்கம் அதுதான். நேரா வச்சா தாத்தா பேர் நல்லாத் தெரியும்... கோயில்தான் தெரியாது."

பதில் சொல்ல வாய் திறந்தவள், அவன் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டாள்.

"தேய்க்காதீங்க! நான் கண் டாக்டர். உட்காருங்க."

"எங்க உட்கார? பெஞ்சைத்தான் அறுத்தாச்சே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, கூரை இல்லாத வெளிச்சத்தில் அவனை நிறுத்தினாள். இமையைத் திருப்பிக் கைக்குட்டை நுனியால் துரும்பை எடுத்தாள். நாளுக்கு நாற்பது கண் பார்ப்பவளுக்குக் கண் ஓர் உறுப்பு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்தக் கண்ணில் மட்டும், சிவப்புக்கும் நீருக்கும் நடுவே... ஒரு சிரிப்பு. மழைத்துளி ஒன்று அவன் புருவத்தில் விழுந்து உடைந்தது. அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"எடுத்தாச்சா, டாக்டர்?"

"ம்..."

"அப்ப விட்டுடலாமே..."

சுட்டதுபோல் கையை எடுத்தாள்.

மறுநாள் மருந்து போட்டுக்கொள்ள கிளினிக்குக்கு வந்தான். நாலு நாள் கழித்தும் வந்தான்.

"கண்தான் சரியாயிடுச்சே. எதுக்கு வந்தீங்க?"

"சரியாயிடுச்சுன்னு சொல்லத்தான்."

வீட்டில் அப்பா கேட்டார். "பலகை எங்கே?"

"எடுத்தா வளைவு விழுந்துடும்ப்பா."

"அது திரும்பி வராம நான் அங்கே காலடி வைக்க மாட்டேன். வர வேண்டியது வரலை. வர வேண்டாதவன் கிளினிக்குக்கு வர்றான். அவனுக்கு நீ முட்டுக் குடுக்கிறியா?"

"முட்டுக் குடுக்கிறது நான் இல்லப்பா... தாத்தா."

அப்பாவின் கையிலிருந்த செய்தித்தாள் தாழ்ந்தது.

"சாமி எதுக்கு இப்படி எரிய விட்டாருன்னு தினமும் கேட்டேன். பதில் வரலை. அறுபது வருஷம் நாம அந்தப் பலகை மேல உட்கார்ந்தோம்ப்பா. இப்ப கோயில் அது மேல உட்கார்ந்திருக்கு. அதைப் பார்த்த பிறகுதான்... எனக்குத் திரும்ப ஜெபிக்க வந்துச்சு."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் மனத்தை நோகடித்து எதையும் அடைய அவள் விரும்பவில்லை. கிளினிக்குக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். "சரிங்க" என்று போனவன், அப்புறம் வரவே இல்லை. சொன்னபடி கேட்கிற ஆள்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

பேராலயம் மீண்டும் திறந்த முதல் ஞாயிறு. பெஞ்சுகள் இல்லை, எல்லோரும் நின்றார்கள். பூசை தொடங்கும்போது அப்பா வந்தார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். பெஞ்ச் இருந்த இடத்தில் நின்று, அண்ணாந்து, தன் அப்பாவின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்" என்றார் குருவானவர்.

அவள் அப்பாவுக்குத் தலையசைத்தாள். பிறகு... திரும்பினாள்.

இத்தனை முகங்களா! கிளினிக் இருட்டறையில் அவள் கண்களாக மட்டும் பார்த்தவர்கள், முழு முகத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இத்தனை வருடம் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா கடவுளைத் தேடினோம்? கடைசித் தூணோரம் அவன். அவள் நடந்தாள். கூட்டம் வழிவிட்டது.

"சமாதானம்."

"சமாதானம்... இதுக்கா இவ்வளவு தூரம்?"

"இதுக்கு மட்டும் இல்லை." இன்னும் ஓர் அடி நெருங்கினாள். "உங்களை... எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் தரையைப் பார்த்தான். "சாமி மன்னிக்கணும். இருபது வருஷமா நான் பீடத்தைப் பார்த்ததைவிட... அந்தப் பின்னந்தலையைப் பார்த்ததுதான் அதிகம்." கை கண்ணுக்குப் போனது.

"தேய்க்காதீங்க" என்றாள் மெல்ல.

பின்னால் காலடிச் சத்தம். அப்பா! அவரும் திரும்பி, அத்தனை வரிசையையும் கடந்து வந்திருந்தார். முதுகு வளையவில்லை, கை மட்டும் நீண்டது.

"சமாதானம், மேஸ்திரி." ஒரு கணம் நிறுத்தினார். "பலகை அங்கேயே இருக்கட்டும். தலைகீழா இருந்தாலும்... வாசிக்க முடியுது."