லெஃப்டினன்ட்டா... லூட்டினன்ட்டா?

ட்ரிங்... ட்ரிங்!

தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 1977, ஜூன் மாதத்து முற்பகல்.

"நம்பர் ப்ளீஸ்?" என்றாள் ஆபரேட்டர் வடிவம்மாள்.

"குற்றாலம் லாட்ஜ்லேர்ந்து பேசறேன். மெட்ராஸுக்கு ரொம்ப அவசரம், லைட்னிங் கால். பேர் லூட்டினன்ட் வாஞ்சிநாதன்."

வடிவம்மாளின் கை அப்படியே நின்றது.

லூட்டினன்ட்டா?

அவள் அப்பா சுபேதார். புருஷன் நாயக். ராணுவப் பதவிகள் எல்லாம் அவள் வீட்டில் சாம்பார், ரசம் மாதிரி புழங்கும். நம் பட்டாளம் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அவன் சொன்னபடி இங்கே லெஃப்டினன்ட்தான்! லூட்டினன்ட் என்பது அமெரிக்காக்காரன் வாய்.

இவன் எந்தப் பட்டாளம்?

ஒட்டுக் கேட்டால் வேலை போய்விடும்.

கேட்டாள்.

"கிழவன் பக்கத்து ரூம்லதான் இருக்கான். ஒரு மணிக்கு அவன் கதை முடிஞ்சிடும்!"

வடிவம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு லைன் போட்டாள். அடுத்த நிமிடம் இன்ஸ்பெக்டர் வல்லிநாயகத்தின் போன் அலறியது.

"சார்... குற்றாலத்துல கொலை நடக்கப் போவுது! லெஃப்டினன்ட்டுன்னு சொல்லத் தெரியாத ஒருத்தன்..."

"ஏம்மா, எங்க டி.எஸ்.பி. பிஸ்கட்டை பிஸ்கோத்துங்காரு. அவரையும் உள்ள தள்ளவா?"

"பட்டாளத்துல இருக்கவன் அந்த வார்த்தையைத் தப்பாச் சொல்லுவானா சார்? பொய் வேஷம் போட்டவன் ஒரு கிழவர் கதையை முடிக்கப் போறேங்கான். அவர் செத்த பொறவுதான் வருவியளா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தேடினார்.

அரை மணியில் ஜீப் குற்றாலத்துச் சாரலில் நனைந்து நின்றது. குரலை அடையாளம் காட்ட, தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு வடிவம்மாளும் வந்திருந்தாள்.

லாட்ஜில் அவன் பேருக்கு எழுதியிருந்த ஆறாம் நம்பர் அறைக் கதவு திறந்தது. ஒட்ட வெட்டிய முடி. முறுக்கிய மீசை.

"யாருலே நீ?"

"லூட்டினன்ட் வாஞ்சிநாதன்."

"இவன்தான் சார்! அதே குரல்... அதே தப்பு!"

க்ளிக்! விலங்கு விழுந்தது.

"லெஃப்ட் எது, ரைட் எதுன்னு ஸ்டேஷன்ல சொல்லித் தாரேன். நடலே!"

வாஞ்சிநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்து அறைக் கதவு திறந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

வெளியே வந்தவர் ஒரு பெரியவர். வெள்ளைத் தலை, நெற்றி நிறைய விபூதி, கையில் சின்னப் பெட்டி. ரிட்டயர்ட் தாசில்தார் ராமசேஷன் என்று சொல்லிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் கைகூப்பினார்.

"என் உசிரைக் காப்பாத்தினே தாயி! இனி ஒரு நிமிஷம் இங்கே இருக்கமாட்டேன். ஊருக்குப் போறேன்."

"விடாதீங்க! அவனைப் பிடிங்க!" வாஞ்சிநாதன் கத்தினான்.

"பொத்துலே வாயை!" என்றார் இன்ஸ்பெக்டர்.

வடிவம்மாளுக்குப் பெரியவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "குடுங்க அய்யா, நான் தூக்குதேன்" என்று பெட்டியை வாங்கினாள்.

வாங்கிய கை தரைக்கு இறங்கியது!

"உள்ள என்ன அய்யா?"

"வேஷ்டி... துண்டு..."

"இரும்பு வேட்டியா?"

பெரியவர் முகம் செத்தது. படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தார்... அவள் பெட்டியைக் காலுக்குக் குறுக்கே தள்ளினாள்!

தடால்!

பெட்டி பிளந்தது. துண்டுகளுக்கு நடுவே ஓர் ஐம்பொன் அம்மன் சிலை மினுங்கியது.

"என் இடது ஷூவைக் கழட்டுங்க" என்றான் வாஞ்சிநாதன், களைத்துப்போய்.

ஷூவுக்குள் அடையாள அட்டை இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர், மெட்ராஸ் க்ரைம் பிராஞ்ச்!

"மூணு மாசம்யா! இவன்கிட்ட திருட்டுச் சிலை வாங்கற மிலிட்டரி ஆபீசரா நடிச்சேன். இன்னிக்கு ஒரு மணிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறதா ப்ளான்!"

இன்ஸ்பெக்டர் அவசரமாக விலங்கைக் கழற்றினார். "அந்த... லூட்டினன்ட்டு?"

"அமெரிக்கா சண்டைப்படம் பார்த்துக் கத்துக்கிட்டது." வாஞ்சிநாதன் வடிவம்மாளை முறைத்தான். "ஒட்டுக் கேட்டது நீதானா?"

"ஆமா சார். வேலை போயிருமா?"

சிலையைப் பார்த்தான். முறைப்பு இறங்கியது.

"ரகசியத் தகவல் கிடைச்சதுன்னு ரிப்போர்ட்ல எழுதிக்கறேன். வேற ஏதாவது சொல்லணுமா?"

"அடுத்த தடவை மேஜர்னு சொல்லிக்கிடுங்க சார். லண்டன்காரனும் அமெரிக்காக்காரனும் அதை ஒண்ணு போலத்தான் சொல்லுதான்... உங்களுக்கும் ப்ரமோஷன் ஆன மாதிரி இருக்கும்!"