கட் சொல்ல மறந்த ஷாட்

வசனம் முடிந்த பிறகும் சித்தப்புவின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

கிளி ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, கையிலிருந்த தாளை மறுபடியும் பார்த்தான். “வாட்ச்மேன், கதவத் திறப்பா, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்.” அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதை அவன் பேசி முடித்தாயிற்று. உதட்டசைவோடு அச்சு அசலாகப் பொருந்தியும் விட்டது. ஆனால் திரையில், பாதி வழியில் நின்றுபோன லிஃப்டின் கம்பிக் கதவுக்குப் பின்னால், வியர்வை வழிகிற அந்த உருண்டை முகம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. சொல்லச் சொல்லப் புருவம் ஏறி இறங்கியது. பிறகு சித்தப்பு கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்தார், காட்சி அறுந்து திரை வெளுத்தது.

காமெடி நடிகர் சித்தப்பு என்றால் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வசனம்கூட வேண்டாம், மனிதர் வந்து நின்றாலே ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அவர் போய்ச் சேர்ந்தபோது, நடித்து முடித்தும் குரல் கொடுக்காத படங்கள் மூன்று கிடந்தன. செத்தவரை எழுப்பி மைக் முன்னால் நிறுத்த முடியாது என்பதால் கிளியைக் கூப்பிட்டார்கள். மேடை மேடையாக ஏறி, சித்தப்பு மாதிரி பேசியே குடும்பம் நடத்தியவன் அவன். கிளி என்று பேர் வைத்ததும் அந்த மேடைக்காரர்கள்தான். முதல் படம் வெளியானபோது ஜனங்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள். இரண்டாவது படத்துக்குச் சித்தப்புவின் மனைவி வந்திருந்தார். படம் முடிந்ததும் கிளியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, ஒரே ஒரு தடவை அவரை மாதிரி என்னைக் கூப்பிடப்பா என்று கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. கூப்பிட்டான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. அதன் பிறகு அந்தக் குரல் அவன் தொண்டையை விட்டு இறங்க மறுத்தது. காலையில் எழுந்து மனைவியிடம் துண்டு கேட்டால் சித்தப்பு கேட்டார். மனைவி முதலில் சிரித்தாள், பிறகு போதும் நிறுத்துங்க என்றாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஓய்வு கொடுங்கள் என்றார். மகள் சிட்டுதான் பாவம். கதை கேட்க வந்து மடியில் படுப்பாள், அவன் வாயைத் திறந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

“அப்பா குரல்ல சொல்லு” என்பாள்.

அவனும் சொல்லத்தான் பார்த்தான். அவனுடைய சொந்தக் குரல் ஒரு நாளில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தது, அப்புறம் அதுவும் குறைந்துகொண்டே வந்தது. இந்த ஒரு ஷாட்டோடு மூன்றாவது படமும் முடிகிறது. இனி செத்தாலும் சித்தப்பு மாதிரி பேசுவதில்லை என்று கிளி முடிவு கட்டியிருந்தான். சாயந்திரம் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வருவதாக மனைவி சொல்லியிருந்தாள். வெளியே போனதும் மகளை அவள் அப்பாவின் குரலில் கூப்பிட வேண்டும். அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

டப்பிங் அறை சின்னது. சுவர் முழுக்கக் கம்பளம். எத்தனையோ பேருடைய மூச்சும் வியர்வையும் அதில் ஊறி, ஏசி குளிரில் ஒரு புளித்த வாசனையாக நின்றது. எதிரே திரை, பக்கவாட்டில் பெரிய கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரும் டைரக்டரும். கனமான கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்றுபோய் வெகுநாளாகிறது. இன்ஜினியர் வெளியிலிருந்து திறந்துவிட்டால்தான் உண்டு. அதை வைத்து எல்லாரும் கேலி பேசினார்களே தவிர, ஒருத்தரும் சரி செய்யவில்லை.

வசனத்துக்கு மேலே வாய் அசைகிறதே, என்ன பேசினார் என்று கிளி மைக்கில் கேட்டான். ஷூட்டிங்கில் பதிந்த சத்தத்தைக் கொஞ்சம் போடச் சொன்னான். அது எதற்கும் ஆகாது என்று இன்ஜினியர் அலுத்துக்கொண்டார். இருபது வருஷம் சித்தப்புவின் குரலைப் பதிந்தவர், ஆகாது என்றால் ஆகாதுதான். இருந்தாலும் போட்டார்.

ஹெட்ஃபோன் முழுக்கச் சிரிப்பு. யூனிட் மொத்தமும் சிரித்திருந்தது. தரையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிற சத்தம், மூச்சு முட்டி இருமுகிற சத்தம், யாரோ ஒருத்தர் ஐயோ ஐயோ என்று கெஞ்சுகிற சத்தம். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல். அது என்னவென்று பிடிபடுவதற்குள் முடிந்துவிட்டது.

இந்தக் கதையை டைரக்டர் பேட்டிக்குப் பேட்டி சொல்லியிருக்கிறார். சித்தப்புவின் கடைசி ஷாட். ஒரே டேக். மனுஷன் லிஃப்டுக்குள் நின்று தாளில் இல்லாததை எல்லாம் அள்ளி விட்டார். விழுந்து விழுந்து சிரித்ததில் கட் சொல்லவே மறந்துவிட்டேன் என்பார். அப்படிச் சிரிக்கவைத்துவிட்டு அன்று ராத்திரியே போய்விட்டார் என்று முடிக்கும்போது, கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்போதும் அதையே ஒரு தடவை சொல்லி முடித்துவிட்டு டைரக்டர் மைக்கை அழுத்தினார்.

“வாய்க்கு வந்ததப் போட்டு நிரப்புங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?”

விளக்கு அணைந்தது. தாளுக்கு மேலே இருந்த சின்ன பல்பு மட்டும் எரிந்தது. ஷாட் சரியாக அமைகிறவரை தானாகத் திரும்பத் திரும்ப ஓடும்படி இன்ஜினியர் போட்டுவிட்டார்.

முதல் சுற்றில் கிளி ஒரு நகைச்சுவையை இட்டுக்கட்டிப் பேசினான். பொருந்தவில்லை. அடுத்ததும் பொருந்தவில்லை. மூன்றாவது சுற்றில் யோசிப்பதை விட்டுவிட்டு, தொழில் தெரிந்தவன் செய்கிறபடி, சத்தமில்லாமல் தன் உதட்டைத் திரையில் தெரிந்த உதட்டின் பின்னால் போகவிட்டான். வாய் குவிந்த இடத்தில் குவித்தான், பல் தெரிந்த இடத்தில் பல்லைக் காட்டினான், நாக்கு போன இடத்துக்கு நாக்கை அனுப்பினான். அப்போது ஒரு வாசனை வந்தது. கம்பளத்தின் புளித்த வாசனை இல்லை. முகப் பவுடரும் தைலமும் கலந்த வாசனை, அதோடு சூடேறின இரும்பின் வாசனை. கழுத்தில் வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்த்தது.

உதடு போன வழியில் சொல்லும் வந்தது.

“நடிக்கலடா. நெஞ்சு வலிக்குது. கதவத் திறங்கடா.”

அவன் வாயிலிருந்துதான் வந்தது. திரையில் ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படியானால் அந்தப் புருவம் ஏறி இறங்கியது வலியில். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் மெல்லச் சரிந்தது. எல்லாரும் தரையைத் தட்டிச் சிரித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் மேஜையில் கவிழ்ந்து குலுங்கினார். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளி மைக்குக்கு நெருங்கி வந்தான். இது காமெடி இல்லை, அவர் செத்துக்கொண்டிருக்கிறார், நிறுத்துங்கள் என்று சொன்னான். சொன்னது ஹெட்ஃபோனில் சித்தப்புவின் குரலாகத் திரும்பி வந்தது. நிமிர்ந்து பார்த்தான். திரையில் ஷாட் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அந்த உதடுகள் வேறு மாதிரி அசைந்தன. அவன் இப்போது சொன்னதைச் சொல்லி முடித்து நின்றன.

“எப்படிண்ணே இப்படிப் பொருந்துது?” என்றார் டைரக்டர். சிரிப்பில் அவருக்குப் பேச்சு வரவில்லை. “விடாதீங்க, அப்படியே போங்க.”

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தான். குரல் நிற்கவில்லை, அறையிலேயே கேட்டது. கதவிடம் போய் இருட்டில் தடவினான், கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தான். கதவு அசையவில்லை. இடது தோளில் ஒரு வலி ஆரம்பித்து, கை வழியாக இறங்கி, விரல் நுனிவரை மரத்துப்போனது. கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தான். திரையில் சித்தப்பு லிஃப்டின் கம்பியை உள்ளங்கையால் அறைந்தார். அந்தப் பக்கம் இருந்த இருவரும் அவனைப் பார்க்கவில்லை. அவர்கள் முன்னால் இருந்த டிவியில் படம் ஓடியது, அதைத்தான் பார்த்தார்கள்.

“திறங்கய்யா” என்று கத்தினான். சிரித்தார்கள்.

“நான் கிளி.” சிரித்தார்கள்.

“மூச்சு முட்டுது.” டைரக்டர் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர்கள் இருந்த அறையின் கதவு திறந்தது. வெளிச்சம் விழுந்தது. மனைவி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள், இடுப்பில் சிட்டு. இன்ஜினியர் எழுந்து நாற்காலி போட்டார். குழந்தையை வாங்கி, மேஜையில், டிவிக்கு நேராக உட்காரவைத்தார்.

மகளைப் பார்த்ததும் கிளிக்கு உயிர் வந்தது. அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்கு அவன் குரல் தெரியும். ஒரு சொல் போதும். ஒரே ஒரு சொல்லைத் தன் குரலில் சொல்லிவிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள், திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குள் அப்பா தெரிவான். மூச்சை இழுத்தான். பாதிதான் வந்தது. இருந்த பலத்தை எல்லாம் அடிவயிற்றில் திரட்டி, அவளுக்குப் பேச்சு வராத காலத்தில் கொஞ்சின அந்தத் தொனியைத் தேடிப் பிடித்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கூப்பிட்டான்.

“சிட்டு.”

சித்தப்பு கூப்பிட்டார். கம்பிக்குப் பின்னால் அந்தப் பெரிய உதடுகள் குவிந்து விரிந்து மகளின் பெயரைச் சொல்லின.

சிட்டு காதைப் பொத்திக்கொள்ளவில்லை. வாயைப் பிளந்தாள். டிவியில் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் சந்தோஷம் வராது? கையைத் தட்டினாள். கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வரவில்லை, அவள் சிரிப்பது மட்டும் தெரிந்தது. மனைவியும் சிரித்தாள். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள்.

வேண்டாம். இனி பேசக் கூடாது. பேசினால்தானே சிரிக்கிறார்கள்.

கிளி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தினான். உதட்டை இறுக்கினான். பல்லைக் கடித்தான். விரல்களுக்கு அடியில் வாய் அசையாமல் இருந்தது, அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

குரல் நிற்கவில்லை. சிட்டு, அப்பா கூப்பிடறேன், இங்க பாருடா, என்று அது திரையிலிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தது. மேஜையில் ஒலி அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் துள்ளின. நான்கு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மறுபடியும் ஓடவிட்டார்.